நாற்பது நிமிட வகுப்பும் பழைய கணினிகளும்

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடையே, நான் கணினி அறிவியல் நடத்தும் மேல்நிலைப் பள்ளியில், பழைய கணினிகளை என்ன செய்வது என்ற பேச்சு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. எங்கள் ஆய்வகத்தில் இருப்பவற்றில் பெரும்பாலானவை இன்டெலின் நான்காம் தலைமுறை ஐ3 செயலியும் 4 ஜிபி ரேமும் கொண்டவை. விண்டோஸ் 11 கேட்பதோ, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும். கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு. "எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் புதிது கேட்கலாமே டீச்சர்" என்றார் சக ஆசிரியர். கேட்கலாம். வரும்வரை பிள்ளைகள் எதில் படிப்பார்கள்?

விண்டோஸ் 10க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகளைப் பணம் கட்டி நீட்டிக்கவும் வழி இருக்கிறது. கல்வி நிறுவனங்களுக்கு ஒரு கணினிக்கு முதலாண்டு 1 டாலர், அடுத்து 2, மூன்றாம் ஆண்டு 4. பணம் பெரிதில்லை. ஆனால் எங்கள் நோய் அதுவல்ல. வாரத்தில் ஓரிரு முறை மட்டும் உயிர்பெறும் கணினி, ஸ்விட்சைப் போட்டதுமே விட்டுப்போன புதுப்பிப்புகளை இறக்கத் தொடங்கும். பழைய ஹார்ட் டிஸ்க் திணறும். ஒரு கணினிக்கு இரண்டு பிள்ளைகள், நாற்பது நிமிட வகுப்பு. அதில் கால்வாசி நேரம் திரையில் சுற்றும் வட்டத்தைப் பார்ப்பதிலேயே போய்விடும். வீட்டில் கணினி இல்லாத பிள்ளைக்கு அந்த நேரத்தை நான் எங்கிருந்து திருப்பிக் கொடுப்பேன்? அதனால்தான் எந்த இயங்குதளம் புதியது என்பதைவிட, எது பிள்ளையின் கைக்கு விரைவாக வரும் என்பதையே பார்த்தேன்.

முதலில் பெட்டிகளைத் திறந்தோம். சன்னலுக்கு அப்பால் வயல். சம்பா அறுவடையின்போது இயந்திரம் கிளப்பும் தூசியும் உமியும் மின்விசிறியில் பஞ்சாக அடைத்திருந்தன. ஒரு பெட்டியில் பல்லி முட்டைகள். ரேமை உருவி, அதன் உலோக முனைகளைப் பென்சில் அழிப்பானால் தேய்த்துச் செருகியதிலேயே செத்துக்கிடந்த சில எழுந்தன. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அந்த முனைகள் கறுத்துப்போவது இங்கே வழக்கம். இன்னும் சிலவற்றில் இணையமே வருவதில்லை என்று பிள்ளைகள் புகார் சொல்வார்கள். காரணம், மதர்போர்டில் இருக்கும் சிறிய பட்டன் பேட்டரி தீர்ந்துபோனதுதான். மின்சாரம் போனதும் கடிகாரம் பழைய ஆண்டுக்குத் தாவிவிடும். தேதி பொருந்தாததால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழை உலாவி ஏற்காது. சில பத்து ரூபாய்ச் செலவில் தீர்கிற குறைக்காகக் கணினியையே மூலையில் போட்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

அடுத்தது எஸ்.எஸ்.டி., பழைய ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பகம். சிங்கப்பூரில் வேலை செய்யும் முன்னாள் மாணவர் ஒருவர் பணம் அனுப்பினார்; திருவாரூரில் வாங்கினோம். செலவழித்ததில் மிகப் பெரிய பலனைத் தந்தது இதுதான். விண்டோஸை வைத்துக்கொள்கிறவர்களுக்கும் இதையே முதலில் சொல்வேன்.

அதன் மேல் லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளம்; அதிலும் பழைய கணினிக்குப் பளுவாகாத எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு. 2029 வரை புதுப்பிப்பு வரும். பாடத்திட்டம் இடறுமோ என்று தலைமையாசிரியர் தயங்கினார். பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்திலேயே உபுண்டு என்ற லினக்ஸ் இருக்கிறது, ஓப்பன் ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருள் இருக்கிறது; பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். பன்னிரண்டில் பைத்தான் நிரல்மொழி, அது மின்டிலேயே வருகிறது. சி++ நிரலுக்கு விண்டோஸில் பயன்படுத்தும் டெவ் சி++ இதில் இல்லை; நிரலை எழுத ஜீனியும் அதை ஓடவைக்க ஜி++ம் போதும். அரசு தந்த மடிக்கணினிகளில்கூட, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தது. பிள்ளைகளுக்கு இதெல்லாம் அந்நியமில்லை. பழக்கம் மாற மறுப்பது பெரியவர்களுக்குத்தான்.

உண்மையான சிக்கல் தமிழில் வந்தது. பல ஆண்டுக் கேள்வித்தாள்கள் வானவில், பாமினி என்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் தெரியும். தமிழாசிரியர் ஐயா பதறிப்போனார். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற 2010லேயே அரசு ஆணை பிறப்பித்துவிட்டது. பள்ளிக் கோப்புகள் மட்டும் நகரவில்லை. எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டு யூனிகோடுக்குக் கொண்டுவருகிறோம். ஐயாவே உட்கார்ந்து வரிவரியாகச் சரிபார்க்கிறார். இயங்குதளம் மாற்ற நினைக்கும் பள்ளிகள் இந்த வேலையை முதலில் முடித்துவிட்டால் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும்.

பிள்ளைகளுக்குத் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பைச் சேர்த்துக் கொடுத்தேன். இடப்பக்கம் உயிர், வலப்பக்கம் மெய். அ, ம, ம, ஆ என்று அடித்தால் முதல் மகரம் தானே புள்ளி பெற்று 'அம்மா' வந்துவிடும். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் ஊர்ப் பெயரை அடித்துவிட்டு, "டீச்சர், பத்தியே எழுதலாமா?" என்று கேட்டாள். மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.

அலுவலகக் கணினியை விண்டோஸிலேயே விட்டிருக்கிறோம். அது புதியது, விண்டோஸ் 11 ஏற்கிறது. அங்குள்ள ஸ்கேனருக்கு லினக்ஸில் அதை வேலை செய்யவைக்கும் மென்பொருள் (டிரைவர்) கிடைக்கவுமில்லை. ஆய்வகத்தில் இன்னும் இரண்டு பெட்டிகள் பாக்கி; 32 பிட் செயலி கொண்ட மிகப் பழையவை. மின்ட் 22 அவற்றில் ஏறாது. டெபியன் என்ற இன்னொரு லினக்ஸில், 32 பிட் கணினியில் நிறுவ வழி தரும் கடைசிப் பதிப்பு 12. அரையாண்டு விடுமுறையில் அதைப் போட்டு, ஆறாம் வகுப்புக்குத் தட்டச்சுப் பயிற்சிக்கென்று தனியாக வைக்கப்போகிறேன்.