கெட்டில் கிரில்லில் பத்து மணி நேரம்: கரி அடுக்குவதும் காற்றைக் கட்டுவதும்

எலும்போடு எட்டு பவுண்டு இருக்கும் பன்றித் தோள்பட்டை, 250 டிகிரி ஃபாரன்ஹீட்டில் பதமாக வேகப் பத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரம் ஆகும். செல்சியஸில் அது கிட்டத்தட்ட 120 டிகிரி; இனி வரும் எண்கள், தனியாகச் சொல்லாத வரைக்கும், ஃபாரன்ஹீட்டில்தான். சூடு ரொம்ப ஏறினால் வெளியே கருகி உள்ளே ரப்பராக இழுக்கும். ரொம்ப இறங்கினால் சாப்பாடு நடுராத்திரிக்குப் போய்விடும். ஓவனாக இருந்தால் குமிழைத் திருகிவிட்டுத் தூங்கலாம். என்னிடம் இருப்பது 22 அங்குல வெபர் கெட்டில், மூடி போட்ட உருண்டைக் கரி அடுப்பு. அடியில் காற்று நுழைய மூன்று திறப்பு, மூடியில் புகை வெளியேற ஒரு திறப்பு, அவ்வளவுதான். இதையும் ஒரு மூட்டைக் கரியையும் வைத்துக்கொண்டு பகல் முழுக்க ஒரே சூட்டை நிறுத்திப் பிடிப்பது எப்படி என்று சில மாதங்களாக வார இறுதிகளில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்போது ஓரளவு கைக்கு வந்திருக்கிறது. மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன்.

இந்தக் கெட்டில் 1952-இல் வந்தது. ஷிகாகோவில் வெபர் பிரதர்ஸ் என்ற இரும்புப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், அங்கே மிதவைகளுக்காகச் செய்த அரைக்கோளத்தை எடுத்து, கால் வைத்து, மூடி போட்டு உருவாக்கியது. காற்றடித்தாலும் தூறல் போட்டாலும் நிம்மதியாகக் கறி சுட வேண்டும் என்பதுதான் அவர் கவலை. அதை நாள் முழுக்கப் புகை போட வைப்பது பின்னால் வந்த கொல்லைப்புறக்காரர்களின் கைவேலை.

நான் இருப்பது மத்திய டெக்சாஸ். லாக்ஹார்ட் பக்கம் போனால் பார்பிக்யூ கடைகளில் போஸ்ட் ஓக் விறகை அடுக்கடுக்காக வைத்திருப்பார்கள். அங்கே விறகுதான் நெருப்பு, விறகுதான் மணம். பெரிய அடுப்பில், ஆள் பக்கத்திலேயே நின்று கட்டை கட்டையாகத் தள்ளும் வேலை அது. கெட்டிலுக்குள் அதற்கு இடம் கிடையாது. இங்கே வேலையைப் பிரித்துவிட வேண்டும்: சூட்டுக்குக் கரி, மணத்துக்குக் கைப்பிடி அளவு மரத்துண்டு நாலைந்து. மரத்தைத் தண்ணீரில் ஊறவைக்கச் சொல்கிறவர்கள் உண்டு. ஊறிய மரம் முதலில் நீராவியைத்தான் விடும், காயும் வரைக்கும் மணம் வராது. காய்ந்ததையே போடுங்கள்.

சரி, கரி. சிம்னி என்கிற, கரி பற்றவைக்கும் உருளைக் குவளை நிறையக் கரியைப் பற்றவைத்து மொத்தமாகக் கொட்டினால் சூடு 400-ஐத் தொடும், சில மணி நேரத்தில் சாம்பலாகிவிடும். வென்ட்டை, அதாவது காற்றுத் திறப்பை, மூடி மூடி அதை இறக்கலாம். ஆனால் மூச்சுத் திணறும் நெருப்பு கசப்பான வெள்ளைப் புகையைக் கக்கும். அது கறியில் படிந்தால் நாக்கில் அரை நாள் நிற்கும். மணிக்கொரு தடவை புதுக்கரி சேர்க்கும் வழியும் இருக்கிறது. சேர்க்கும்போதெல்லாம் மூடி திறக்கும், சூடு விழும், பிறகு தாவும். நாள் முழுக்க அதன் பின்னால் ஓட வேண்டியதுதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஜிம் மினியன் என்ற போட்டிச் சமையல்காரர் இதைத் தலைகீழாகச் செய்தார். பற்றாத கரியை நிறையப் போட்டு, மேலே கொஞ்சம் மட்டும் பற்றிய கங்கை வைத்தார். நெருப்பு மெல்ல மெல்லத் தானே பக்கத்துக் கரிக்குப் போகும். புகைபோடவென்றே செய்த உயரமான ஸ்மோக்கரில் இன்றும் எல்லாரும் பின்பற்றுவது இதைத்தான். கெட்டிலில் இதன் தம்பி ஒன்று உண்டு, பாம்பு முறை என்பார்கள். விளிம்பை ஒட்டி வளையமாகக் கரியை அடுக்கி ஒரு முனையில் மட்டும் பற்றவைப்பது. கொசுவர்த்திச் சுருள் எரிவது போலத்தான்.

என் அனுபவத்தில் சூட்டின் பெரும்பகுதி இந்த அடுக்கிலேயே முடிவாகிவிடுகிறது. வளையம் எத்தனை கரி அகலம், எத்தனை கரி உயரம் என்பதுதான் ஒரு நேரத்தில் எவ்வளவு கரி எரியும் என்பதைச் சொல்கிறது. கீழே இரண்டு வரிசை, அதன் மேல் இரண்டு வரிசை வைத்தால் என் கெட்டில் 240-க்கும் 270-க்கும் நடுவில் தானாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. கீழே இரண்டு, மேலே ஒன்று என்றால் 225 பக்கம். வளையத்தின் நீளம் சூட்டைத் தொடாது, நேரத்தை மட்டும்தான் தீர்மானிக்கும். சுற்றளவில் முக்கால் பங்கு அடுக்கினால் பத்து மணி நேரம் தாண்டுகிறது. தலையும் வாலும் தொடாமல் நல்ல இடைவெளி விட வேண்டும், இல்லையென்றால் இரண்டு பக்கமும் பற்றிக்கொண்டு சூடு இரட்டிப்பாகும்.

அடுக்கும்போது கரிகள் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் ஒரு விரல் இடைவெளி விழுந்தால் நெருப்பு அங்கேயே நின்றுவிடும். மரத்துண்டுகளை வளையத்தின் முதல் பாதியின் மேல் வரிசையாக வைப்பேன். நெருப்பு ஒவ்வொரு துண்டையும் எட்டும்போது பத்துப் பதினைந்து டிகிரி ஏறி இறங்கும், அதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

எந்தக் கரி என்பதும் முக்கியம். பாம்புக்கு பிரிக்கெட்தான். கரித்தூளை மாவுப்பசையோடு அழுத்திச் செய்த ஒரே அளவுக் கட்டிகள் என்பதால் எரியும் வேகமும் ஒன்றுபோல இருக்கும். கட்டை கட்டையாக வரும் மரக்கரி நன்றாகச் சூடாகும், சாம்பலும் குறைவு. ஆனால் ஒன்று எலுமிச்சை அளவு, ஒன்று முழங்கை அளவு. வளையம் சீராக அமையாது. அது கமாடோ மாதிரி பீங்கான் அடுப்புக்குப் பொருத்தம். எண்ணெய் ஊறவைத்து, தீக்குச்சி பட்டாலே பிடிக்கும் வகை பிரிக்கெட் விற்கிறார்கள். அதை இந்த வேலைக்கு வாங்கவே கூடாது. வளையத்தில் கடைசி வரைக்கும் பற்றாத கரி இருந்துகொண்டே இருக்கும், ஒவ்வொன்றும் பற்றும்போது அந்த மண்ணெண்ணெய் வாடை கறிக்குப் போகும்.

கொட்டாங்கச்சிக் கரியில் செய்த கட்டிகளையும் ஆசைக்கு வாங்கிப் பார்த்தேன். ஊரில் இஸ்திரிப் பெட்டியில் கனன்ற கரி ஆயிற்றே, விட மனசில்லை. கல் மாதிரி இறுக்கம், புகையே கிடையாது, ஒருமுறை பிடித்தால் நின்று எரிகிறது. ஆனால் பிடிப்பதற்குத்தான் சோம்பல். வளையத்தில் அடுத்த கட்டிக்குத் தாவாமல் பாதியில் நின்றுவிட்டது. கோழி சுடும்போது நடுவில் குவித்துப் போட அருமை. பாம்புக்குச் சரிவராது.

இனி காற்று. மேல் வென்ட்டை நான் தொடுவதே இல்லை, முழுக்கத் திறந்தே இருக்கும். புகை தேங்காமல் போக வழி வேண்டும். கட்டுப்பாடெல்லாம் அடியில். இதில் நான் கடைப்பிடிக்கும் ஒரே விதி, சூட்டைக் குறைந்த எண்ணிலிருந்து மெல்ல ஏற்றிக் கொண்டுபோக வேண்டும் என்பது. 200 தாண்டியதுமே அடி வென்ட்டை மூன்றில் ஒரு பங்குக்குக் குறைத்துவிடுவேன். 250 வரட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் தேவைக்கு மேல் கரி பற்றியிருக்கும். பற்றிய கரியை அணைப்பது லேசான காரியமில்லை. காற்றை அடைத்தாலும் இறங்க முக்கால் மணி நேரம் போகும். குறைவாக இருப்பதை ஏற்றுவது சுலபம். பென்சில் அகலம் திறந்து, இருபது நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் போதும்.

அந்த இருபது நிமிடம்தான் ஆளைச் சோதிக்கும். மூடியைத் திறந்து பார்த்தால் முள் 190-க்கு விழும். பயந்து வென்ட்டைத் திறக்கத் தோன்றும். உண்மையில் அந்த நேரத்தில் உள்ளே போன காற்றில் கரி இன்னும் சிவந்திருக்கும். மூடியை வைத்துவிட்டுச் சும்மா இருந்தாலே பழைய இடத்துக்கு வந்துவிடும். வென்ட்டையும் திறந்துவிட்டால் அது 300-க்குப் போகும்.

மூடியில் இருக்கும் தெர்மாமீட்டரை நான் அலங்காரமாகத்தான் வைத்திருக்கிறேன். நெருப்பு வளையத்தில் நகர்ந்துகொண்டே இருப்பதால், அதன் நேர்கீழே கங்கு வரும்போது 40 டிகிரி கூடக் காட்டும், தாண்டிப் போனதும் குறைத்துக் காட்டும். கறிக்குப் பக்கத்தில், கம்பியின் மேல் ஒரு ப்ரோப் (சூடு அளக்கும் ஊசி), கறிக்குள் ஒன்று. இந்த இரண்டும்தான் கணக்கு. மூடியையும் அவ்வப்போது திருப்ப வேண்டும். மேல் வென்ட் எப்போதும் நெருப்புக்கு எதிர்ப்பக்கம் இருந்தால்தான் புகை கறியைத் தடவிக்கொண்டு வெளியேறும்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை குறித்துவைத்ததை அப்படியே தருகிறேன். வடக்குக் காற்று வரும் என்று முன்னறிவிப்பில் சொல்லியிருந்தார்கள்.

காலை 4.40. எட்டுக் கரியைச் சிம்னியில் பற்றவைத்தேன். ஓரமெல்லாம் நீறு பூத்ததும் இடுக்கியால் எடுத்து வளையத்தின் தலைப்பில் வைத்தேன். நடுவில் அலுமினியத் தட்டு, அதில் சுடுதண்ணீர். கறிக்கு நேர்கீழே இருக்கும் இந்தத் தண்ணீர் 100 செல்சியஸுக்கு மேல் போகாது, அதனால் சூடு துள்ளும்போது கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். சொட்டும் கொழுப்பும் கரியில் விழாது.

5.50. கம்பி மட்டத்தில் 205. அடி வென்ட் மூன்றில் ஒரு பங்கு. கொழகொழவென்று வந்த வெள்ளைப் புகை மெலிந்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத நீலமாகிவிட்டது. கறியை வைத்தேன். குளிர்ந்த கறி போனதும் 180. தொடவில்லை.

6.45. 244. அடுத்த நான்கு மணி நேரம் 240-க்கும் 262-க்கும் இடையில். தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டேன், பையனை நீச்சல் வகுப்பில் விட்டு வந்தேன்.

10.50. கறி உள்ளே 157. இங்கேதான் நிற்கும் என்று தெரியும், நின்றது. 150-க்கும் 170-க்கும் நடுவில் மணிக்கணக்கில் நகராது. கறியின் மேல் ஈரம் ஆவியாகிப் போகும்போது, நெருப்பு கொடுக்கும் சூட்டை அதுவே தின்றுவிடுகிறது. கிரெக் பிளாண்டர் என்ற இயற்பியலாளர் இதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார். அதற்கு முன் கொழுப்பு உருகுவதால் நிற்கிறது என்றுதான் பலரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முள் நிற்கிறதே என்று கரியைக் கிளறும் வேலை இங்கே வேண்டாம்.

11.20. காற்று திரும்பி நேராக அடி வென்ட்டில் அடித்தது. 281. வென்ட்டைப் பென்சில் அகலத்துக்குக் குறைத்து, காற்று வரும் பக்கம் தகரம் ஒன்றைச் சாய்த்து வைத்தேன். 255-க்கு வர நாற்பது நிமிடம்.

1.10. உள்ளே 165, வெளியே மரப்பட்டை நிறம், நகத்தால் கீறினால் வராத அளவுக்குப் பிடித்திருந்தது. ஃபாயிலில் இறுக்கிச் சுற்றினேன். ஆவி வெளியேற வழியில்லாததால் தேக்கம் உடையும். சுற்றிய பிறகு புகை உள்ளே போகாது. எனவே மீதி நேரத்துக்கு வீட்டு ஓவனில் வைத்து முடித்தாலும் ருசியில் வித்தியாசம் தெரியாது. கரிக்காரர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். மழை வந்தால் நான் ஓவனுக்குத்தான் போவேன்.

2.30. 228, இறங்கிக்கொண்டே இருந்தது. கரி தீர்ந்துவிட்டது என்று தோன்றும் இடம் இது. எட்டிப் பார்த்தால் வளையத்தில் மூன்றில் ஒரு பங்கு அப்படியே இருக்கிறது. காரணம் சாம்பல். பிரிக்கெட் நிறையச் சாம்பல் விடும். பாதி நாளில் அது அடித் திறப்புகளை அடைத்து, கங்கின் மேலும் போர்வையாகப் படிந்துவிடும். வென்ட்டைத் திறந்தாலும் காற்று போகாது. அடியில் இருக்கும் நெம்புகோலை மெதுவாக இரண்டு தடவை அசைத்துச் சாம்பலைக் கீழே விழவைத்து, பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். வேகமாக ஆட்டினால் வளையம் சரிந்து மொத்தமாகப் பற்றிக்கொள்ளும். இருபது நிமிடத்தில் 250.

4.35. உள்ளே 203. இந்த எண்ணைவிட நான் நம்புவது ப்ரோப் போகும் விதத்தை. எங்கே குத்தினாலும் தடையில்லாமல் இறங்கியது. தோள்பட்டையின் தட்டை எலும்பைப் பிடித்து இழுத்தபோது, கறி ஒட்டாமல் வெள்ளையாக வெளியே வந்தது. ஒரு மணி நேரம் துண்டில் சுற்றி, ஐஸ் இல்லாத ஐஸ் பெட்டியில் ஓய்வு. பிறகு கையாலேயே பிய்த்தேன்.

முடிந்ததும் மேலும் கீழும் எல்லா வென்ட்டையும் மூடிவிட்டால் கரி மூச்சில்லாமல் அணையும், மிஞ்சியதை அடுத்த முறை வளையத்தின் வால் பக்கம் சேர்த்துக்கொள்ளலாம். அதைத் தலைப்பில் வைத்தால் சீக்கிரம் பற்றித் தொடக்கத்திலேயே சூடு ஏறும். சாம்பலை மறுநாள்கூட நம்ப முடியாது. மூடியிட்ட இரும்பு வாளியில், வீட்டுச் சுவரை விட்டுத் தள்ளித்தான் வைக்கிறேன். குளிராக இருக்கிறதே என்று கெட்டிலை கராஜுக்குள் இழுக்கிறவர்களுக்கு: கதவு திறந்திருந்தாலும் கார்பன் மோனாக்சைடு தேங்கும், வேண்டாம்.

சிறிய மின்விசிறியை அடி வென்ட்டில் மாட்டி, சூட்டைப் பார்த்துத் தானே காற்றை ஊதும் கருவிகள் கிடைக்கின்றன. ராத்திரி முழுக்கப் போட வேண்டிய பிரிஸ்கெட்டுக்கு (மாட்டின் நெஞ்சுக்கறி) ஒன்று வாங்கலாமா என்று யோசனை இருக்கிறது. பகல் வேலைக்குத் தேவைப்படவில்லை.

அடுத்தது மட்டன். கென்டக்கியில் ஓவன்ஸ்போரோ என்ற ஊருக்கே மட்டன் பார்பிக்யூதான் அடையாளம். ஹலால் கடையில் எலும்போடு ஆட்டுத் தோள் சொல்லிவைத்திருக்கிறேன். எடை பாதிதான் இருக்கும். இரண்டுக்கு ஒன்று அடுக்கில் அரை வளையம், மேலே ஹிக்கரி மரத்துண்டு இரண்டு போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். ஆட்டுக் கொழுப்பு அதிகம் சொட்டும் என்பதால் தண்ணீர்த் தட்டை மட்டும் பெரிதாக வைக்க வேண்டும்.