முன்னுரை இல்லாத கட்டுரை

ஆக்டோபஸைப் பற்றி எழுதச் சொன்னால் எட்டாம் வகுப்பில் பாதிப் பேர் இப்படித்தான் தொடங்குவார்கள்: "கடலில் பல்வேறு உயிரினங்கள் வாழ்கின்றன. அவற்றுள் ஒன்றான ஆக்டோபஸைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம்." முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று நாமே போட்டுக்கொடுத்த தடம் அது. பிள்ளைகளைக் குறைசொல்ல எதுவுமில்லை. அவர்கள் படித்த கட்டுரைகளெல்லாம் அப்படித்தானே இருந்தன.

ஆகவே நான் விதி எதுவும் சொல்வதில்லை. கரும்பலகையில் ஒரு மாதிரிப் பத்தியை எழுதிப்போடுகிறேன்:

"ஆக்டோபஸுக்கு இதயம் மூன்று. இரண்டு, செவுள்களுக்கு இரத்தத்தைத் தள்ளுகின்றன. மூன்றாவது, உடலின் மற்றப் பகுதிகளுக்கு அனுப்புகிறது. நீந்தும்போது அந்த மூன்றாவது நின்றுவிடுகிறது. நீந்தினால் சீக்கிரம் களைத்துப்போகும் ஆக்டோபஸ், பெரும்பாலும் ஊர்ந்தே செல்கிறது."

"இது எதைப் பற்றியது?" என்று கேட்டால் வகுப்பே ஒரே குரலில் விடை சொல்லிவிடும், அதனால் பயனில்லை. "ஒவ்வொரு வாக்கியமும் என்ன வேலை செய்கிறது?" என்று கேட்கிறேன். முதலில் மௌனம். பிறகு ஒரு மாணவி, முதல் வாக்கியம் திடுக்கிட வைக்கிறது, இரண்டாவது அதை நம்ப வைக்கிறது என்றாள். பின்வரிசையிலிருந்து ஒருவன், "வியக்கத்தக்க என்ற சொல்லே இல்லை, ஆனாலும் வியப்பாக இருக்கிறது" என்றான். இதை நான் சொல்லியிருந்தால் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு மறந்திருப்பார்கள். அடுத்து, மூன்றாம் வாக்கியத்தை முதலில் வைத்துப் படித்துக் காட்டினேன். "எந்த மூன்றாவது?" என்று உடனே கேட்டார்கள். வரிசை ஏன் முக்கியம் என்ற பாடம் அத்தோடு முடிந்தது.

பிறகு, தமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றி அதே அமைப்பில் எழுத வேண்டும். அந்தப் பின்வரிசைக்காரன் எழுதியது: "சைக்கிளுக்கு பிரேக் இரண்டு. ஒன்று முன்சக்கரத்தைப் பிடிக்கும்; மற்றது பின்சக்கரத்தை. இறக்கத்தில் வேகமாக வரும்போது முன்பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்தால் பின்சக்கரம் தூக்கிக்கொள்ளும். என் அக்கா இறக்கம் வந்தாலே இறங்கித் தள்ளிக்கொண்டு வருவாள்."

இது காப்பியடிப்பதுதானே என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். அக்காவை அவன் எந்தப் பத்தியிலிருந்து காப்பியடித்தான்?

மாதிரி சிறியதாக இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன். பெரிய எழுத்தாளரின் பத்துப் பக்கக் கட்டுரையைக் கொடுத்தால் பிள்ளைகள் மலைத்துப்போய்ப் பேனாவை மூடிவிடுகிறார்கள். விளையாட்டுச் செய்தி, கலைக்களஞ்சியக் குறிப்பு, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாள், எதுவும் உதவும். "இன்னது இருந்தால் இதைச் செய்யாதீர்கள்" என்று நிபந்தனையைத் தெளிவாக எழுதக் கற்றுக்கொள்ள அந்த மருந்துத் தாளைவிட நல்ல மாதிரியை நான் பார்த்ததில்லை.

ஒரே மாதிரியோடு நிறுத்திவிட்டால் வேறொரு தொல்லை: எல்லாக் கட்டுரைகளும் எண்ணிக்கையில் தொடங்கும். அதனால் அடுத்த வகுப்பில் அதே ஆக்டோபஸுக்கு இன்னொரு பத்தி வைத்திருக்கிறேன். அதில் இதயம் வராது. எலும்பே இல்லாத அந்த உடல், தன் அலகு நுழையும் அளவுள்ள ஒரு துளைக்குள் புகுவதிலிருந்து அது தொடங்கும்.