லூதியானாவுக்கு ஒரு ஸ்வெட்டர்

நவம்பர் 23, 2025, ஞாயிறு

மகளுக்கு லூதியானாவில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்துவிட்டது. டிசம்பர் 19, ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில் டிக்கெட். ஜனவரியில் அங்கே விடிகாலை ஐந்தாறு டிகிரிக்கு இறங்குமாம். நாகர்கோவிலில் இருபத்திரண்டு வந்தாலே என் மாமியார் காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொள்வார். வீட்டில் இருக்கும் கம்பளி என்று பார்த்தால், கொடைக்கானல் போனபோது வாங்கிய ஒரு குரங்குக் குல்லா.

“ஸ்வெட்டர் செய்யுத ஊருக்கே போறேன், அங்கபோய் வாங்கிக்கிடுவேன்” என்கிறாள். சரிதான். ஆனால் மூன்று நாள் ரயிலில் உட்கார்ந்து போய் இறங்குகிற அன்றைக்கு உடம்பில் என்ன போடுவாள்? முதல் சம்பளம் கைக்கு வர ஒரு மாசம் ஆகும். கடையில் புதுசு விசாரித்தேன், ஒன்றே ஆயிரத்தைத் தாண்டுகிறது. பழசு தேடலாம் என்று இறங்கிவிட்டேன்.

நவம்பர் 26, புதன்

வடசேரிப் பக்கம் ஒரு ஆக்கர் கடை. பழைய ஃபேன், பித்தளை, மூட்டை மூட்டையாகப் புத்தகம். மூலையில் ஒரு சாம்பல் நிறக் கம்பளிப் போர்வை. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சாம்பலே இல்லை: சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று பொடிப்பொடியாக நூல். இது பானிப்பட் சரக்கு. பழைய கம்பளித் துணிகளை நிறவாரியாகப் பிரித்து, கிழித்துப் பஞ்சாக்கி, மறுபடி நூற்று நெய்வார்கள். சாயம்கூட அதிகம் தேவைப்படாது. கழுத்தில் குத்தும், அழகும் இல்லை. ஆனால் ரயில் நாக்பூர் தாண்டினால் இரவில் இதுதான் கைகொடுக்கும். இருநூறு சொன்னார், நூற்றைம்பதுக்குக் கொடுத்தார்.

நவம்பர் 29, சனி

சர்ச்சில் பெண்கள் நடத்தும் விற்பனை. கேக், ஊறுகாய் மேசைகளைத் தாண்டி கடைசியில் பழந்துணி. அங்கே நாலு ஸ்வெட்டர். எல்லாவற்றிலும் பாச்சா உருண்டை வாசம், ஒன்றுமே உடுத்த மாதிரி தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் அது அப்படித்தான் இருக்கும். டெல்லியில் பழைய ஸ்வெட்டர் என்றால் முழங்கை தேய்ந்திருக்கும். இங்கே யாராவது ஆசைக்கு வாங்கி, ஒரு டூர் போய்விட்டு வந்து, பெட்டியில் போட்டிருப்பார்கள். நம் ஊர்ப் பழசுக்கு எதிரி தேய்மானம் இல்லை, அந்துப்பூச்சி. வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடித்து ஓட்டை தேடினேன். ஒன்றில் அக்குள் பக்கம் சல்லடை.

நாலையும் நானூறுக்கு வாங்கி, வீட்டுக்கு வந்து உள்தையலில் ஆளுக்கொரு நூல் உருவி அடுப்பில் காட்டினேன். மூன்று உருகிக் கறுத்த மணியாகக் கட்டிக்கொண்டன. அக்ரிலிக். ஒன்று மட்டும் தலைமுடி பொசுங்கும் நாற்றம் அடித்தது, சாம்பலை நசுக்கினால் மாவு. பூச்சி தின்றதும் அதையேதான்! அதற்குத் தெரிந்திருக்கிறது, எது அசல் என்று. பின்னல் போட்டு அடைத்துவிடலாம்.

டிசம்பர் 3, புதன்

கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கு மாவட்டம் முழுக்க விடுமுறை. மார்த்தாண்டத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போனோம். அண்ணன் குவைத்திலிருந்து கொண்டுவந்த கம்பளி, பெரிய ரோஜாப் பூ போட்டது, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் பன்னிரண்டு வருஷமாகப் பீரோ மேலேயே இருக்கிறது. வளைகுடாவில் ஆள் இருக்கிற எந்த வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கும். விரித்தால் வியர்க்கும், கொடுக்க மனசு வராது.

“பிள்ளைக்கு எடுத்துக்கிட்டுப் போ மக்களே, பைசா ஒண்ணும் வேண்டாம்” என்றார் பெரியம்மா. கையில் இருந்த நாலு சீப்பு மட்டிப்பழத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். தூக்கிப் பார்த்தால் ஐந்து கிலோவுக்குக் குறையாது. மகள் முறைத்தாள்.

டிசம்பர் 6, சனி

இன்று எழுதவே பிடிக்கவில்லை. பாச்சா வாசம் போகட்டும் என்று அந்த அசல் கம்பளி ஸ்வெட்டரை நல்ல சூட்டு வெந்நீரில் சோப்புத்தூள் போட்டு ஊறவைத்துக் கசக்கிவிட்டேன். எல்லாம் தெரிந்தவள் மாதிரி நூல் கொளுத்தியவள் செய்த காரியம் இது. கம்பளி இழையில் செதில் செதிலாக இருக்கும், சூட்டிலும் கசக்கலிலும் ஒன்றோடொன்று கோத்து இறுகிவிடும். திரும்ப விரியாது. எடுத்து விரித்தேன்: ஆறு வயசுப் பிள்ளைக்குச் சரியாக இருக்கும். பக்கத்து வீட்டுக் குட்டிக்குக் கொடுத்தாயிற்று. அவள் கழற்றமாட்டேன் என்கிறாள். மத்தியான வெயிலில்.

டிசம்பர் 12, வெள்ளி

தெருக்கோடியில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி, கேள்விப்பட்டு அவரே கூப்பிட்டு ஒரு பச்சை ஜெர்சி கொடுத்தார். தோளிலும் முழங்கையிலும் துணி ஒட்டுப்போட்டது, கனம். கூடவே புத்திமதியும்: தடியாக ஒன்று போடுவதைவிட மெல்லிசாக மூன்று போடு, இடையில் நிற்கிற காற்றுதான் சூட்டைப் பிடிக்கும். வியர்வை குடிக்கிற பருத்தி பனியனை மேலோடு ஒட்டிப் போடாதே, ஈரமாகிக் குளிரும். அந்தக் கணக்கில் என் அக்ரிலிக் மூன்றும் பிழைத்தன.

ஜெர்சியைப் பச்சைத் தண்ணீரில் ஷாம்பு போட்டு அலசினேன். முறுக்காமல், துண்டில் சுருட்டி அமுக்கி, நார்க்கட்டிலில் பரத்தினேன். தொங்கவிட்டால் நீண்டுபோகும்.

டிசம்பர் 19, வெள்ளி

போய்விட்டாள். குவைத் கம்பளி போகவில்லை. பானிப்பட்டைச் சுருட்டி வைத்துக்கொண்டாள்.

டிசம்பர் 23, செவ்வாய்

நேற்று இறங்கிவிட்டாள். ஜெர்சியைக் கழற்றவே இல்லையாம். இன்று ஒரு போட்டோ அனுப்பினாள், அங்கே நடைபாதையில் மலைபோல் ஸ்வெட்டர் குவியல். “அம்மா, சுத்தக் கம்பளி, நூறு ரூபாதான் சொல்லுதான்!”

ஒரு நூல் உருவிக் கொளுத்திப் பார் என்றேன். தீப்பெட்டி இல்லையாம்.