வெள்ளியங்கிரி ஏழு மலை: இறங்குவதற்கும் சேர்த்துக் கணக்குப் போட்டு ஏறுங்கள்

கோவைக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் பூண்டியில் வெள்ளியங்கிரி ஆண்டவரையும் மனோன்மணி அம்மனையும் வணங்கிவிட்டுத்தான் மலையேற்றம் தொடங்கும். அங்கிருந்து ஏழாவது மலையின் உச்சியில் சுயம்புவாக வீற்றிருக்கும் ஈசன் வரை, ஒரு வழிக்கு ஏறக்குறைய 6 கிலோமீட்டர். 'ஆறு கிலோமீட்டர்தானே' என்று வருபவர்கள்தான் அதிகம் தவிக்கிறார்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 6,000 அடி உயரத்தில் இருக்கிறது உச்சி. அதற்கான செங்குத்தின் பெரும்பகுதி முதல் மலையிலும் கடைசி மலையிலும் இருக்கிறது.

கோவை காந்திபுரத்திலிருந்து பூண்டிக்குப் பேருந்து உண்டு. பேரூர், இருட்டுப்பள்ளம், செம்மேடு வழியாகப் போகும். இரவில் ஏறி விடியலில் உச்சியை அடைவதுதான் பலருக்கும் வழக்கம் என்றாலும், பகலிலேயே கிளம்பினால் பேரூரில் இறங்கிப் பட்டீசுவரரைத் தரிசித்துவிடலாம். அவர் வாசலுக்கு அருகே ஓடும் நொய்யல் பிறப்பது இந்த மலைத்தொடரில்தான். ஆற்றின் கரையிலிருந்து அதன் தாய்மடிக்குப் போகும் இந்த வரிசை மனதுக்கும் நிறைவானது.

வனத்துறை பிப்ரவரி முதல் மே வரைதான் மலையேற விடுகிறது. மற்ற மாதங்களில் மழை, பனி, யானை நடமாட்டம். சிவராத்திரியும் சித்ரா பௌர்ணமியும் விசேஷம்தான். ஆனால் முதன்முறை ஏறுபவர்கள் அந்த இரவுகளைத் தவிர்ப்பது நல்லது. கூட்டத்தில் படியில் நின்று நின்று ஏறும்போது வியர்வை உடம்பிலேயே குளிர்ந்து, தொடை இறுகிவிடும். ஒரு சாதாரண வார நாளில் உங்கள் வேகத்தில் நடக்கலாம்.

அடிவாரத்தில் பையைச் சோதிப்பார்கள். பிளாஸ்டிக் உறைகளைப் பிரித்துக் காகிதத்தில் மாற்றித் தருவார்கள். தண்ணீர் பாட்டிலுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். இறங்கியதும் பாட்டிலைக் காட்டினால் பணம் திரும்பக் கிடைக்கும். பையின் எடை நாலு கிலோவைத் தாண்ட வேண்டாம். 2 லிட்டர் தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு, கடலைமிட்டாய், பேரீச்சை, ஸ்வெட்டர், குல்லா, மாற்றுச் சட்டை, துண்டு, ஏப்ரலுக்குப் பிறகானால் மழைக்கோட்டு. டார்ச் ஆளுக்கு ஒன்று கட்டாயம். பௌர்ணமி நிலவை நம்பாதீர்கள். முதல் மூன்று மலைகளிலும் மரங்கள் கூடி நிற்பதால் நிலவொளி படி வரைக்கும் வராது.

மூங்கில் தடி வாங்காமல் ஏறாதீர்கள். தோள் உயரத்துக்கு இருக்க வேண்டும். வாங்கும் முன் தரையில் ஊன்றி உடல் எடையை அதன்மேல் சாய்த்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் 'சடசட'வென்று சத்தம் கொடுத்துவிடும்.

முதல் மலைதான் ஆளைச் சோதிக்கும். ஒன்றுக்கொன்று உயரம் ஒவ்வாத கற்படிகள், வெள்ளை விநாயகர் கோயில் வரை ஓய்வே தராது. இங்கே மூச்சு வாங்கப் பேச முடியாமல் போனால் வேகம் அதிகம் என்று பொருள். நெஞ்சு இறுக்கம், இடது கை வலி, தலைசுற்றல் எது வந்தாலும் விநாயகர் கோயிலோடு நிறுத்தித் திரும்பிவிடுங்கள். மேலே போனபின் யாருக்காவது முடியாமல் போனால் டோலியில் தூக்கித்தான் இறக்க வேண்டும். அதற்கு மணிக்கணக்கில் ஆகும். மூச்சுத்திணறலிலும் மாரடைப்பிலும் இந்த மலையில் உயிர்கள் போயிருக்கின்றன. இதய நோய், ஆஸ்துமா, கட்டுப்படாத சர்க்கரை உள்ளவர்கள் பூண்டியிலேயே தரிசனம் செய்துகொண்டால் ஆண்டவர் குறை வைக்க மாட்டார்.

பாம்பாட்டி சுனை, கைதட்டி சுனை இரண்டிலும் தண்ணீர் பிடிக்கலாம். கோடை முற்றினால் நூல்போல வடியும். பாட்டில் நிறையக் காத்திருக்க வேண்டும். வழியில் இரவுக் கடைகளில் சுக்குக் காபி கிடைக்கும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறுவதைவிட, மணிக்கொரு முறை ஒரு கடலைமிட்டாயும் நாலு மிடறு தண்ணீரும் போதும்.

நாலாவது மலைக்கு மேல் காடு விலகிப் புல்வெளி விரிகிறது. மலை மடிப்புகளில் மட்டும் சோலைகள் கரும்பச்சையாக ஒட்டிக் கிடக்கும். மண் பாதை, ஏற்றமும் குறைவு. இங்கேதான் பலர் ஓட்டமும் நடையுமாகப் போய் காலின் மிச்சத் தெம்பைச் செலவழித்துவிடுகிறார்கள். இந்தப் பாதையோரம் இருக்கும் வெண்ணிற மண்ணைத் திருநீறாகப் பூசிக்கொள்வது வழக்கம். ஒரு சிட்டிகை எடுத்துப் பூசிக்கொள்ளுங்கள், பையில் அள்ளாதீர்கள்; பாதையோரம் தோண்டத் தோண்ட மழையில் சரிகிறது.

அடுத்து ஆண்டி சுனைக்குப் பாதை கீழே இறங்கும். அந்த இறக்கத்தைத் திரும்பும்போது ஏற வேண்டியிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். சுனைநீர் பற்களைக் கிட்டிக்க வைக்கும் குளிர்ச்சி. வியர்வையோடு நேராக மூழ்கினால் மூச்சு அடைக்கும். கால் மணி நேரம் உட்கார்ந்து உடல் சூடு தணிந்த பிறகு, கை கால் நனைத்து, பின்பு குளியுங்கள். உடனே உலர்ந்த சட்டைக்கு மாறுங்கள். ஏழாவது மலையில் மறைப்பில்லாமல் காற்று அடிக்கும். ஈரத் துணியோடு ஏறியவர்கள் உச்சியில் நடுங்கிப் போவதற்கு அதுதான் காரணம்.

உச்சியில் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்த பெரும்பாறைகளே கருவறை. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். கற்பூரப் புகை படிந்த பாறையடியில், கோபுரமோ மண்டபமோ இல்லாமல் ஈசன் அமர்ந்திருக்கிறார். தென்கயிலாயம் என்று ஏன் அழைக்கிறார்கள் என்பது அங்கே நிற்கும்போது நெஞ்சுக்குப் புரியும். விடியலில் மேகம் விலகினால் சிறுவாணி அணையின் நீர்ப்பரப்பு தெரியும். பாறை விளிம்பில் நின்று படம் எடுக்க வேண்டாம். காற்று ஆளைத் தள்ளும்.

வெயில் ஏறும்முன் இறங்கத் தொடங்குங்கள். பத்து மணிக்குமேல் பாறை சுடும், வெறுங்காலில் நடப்பவர்களுக்குக் கொப்புளம் வரும். காலணி போடுவதானால் நகத்தை முன்பே வெட்டிவிடுங்கள். ஒவ்வொரு படியிலும் பெருவிரல் முன்னால் மோதும். தடியைக் கீழ்ப்படியில் ஊன்றி, எடையை அதற்குக் கொடுத்து, பிறகு காலை வையுங்கள். வழுக்குப்பாறையில் நேராக இறங்காமல் பக்கவாட்டில் காலை வைத்து வாருங்கள். முதல் மலையின் படிகளில் முழங்கால் வெடவெடக்கும். அப்போது உட்கார்ந்தால் எழுவது கடினம், தடியில் சாய்ந்து நின்றே இளைப்பாறுங்கள்.

பூண்டி வந்ததும் அன்னதானத்தில் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரமாவது தூங்குங்கள். இரவு முழுக்க விழித்த கண்ணோடு பைக் ஓட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டாம், பேருந்திலேயே போங்கள்.