ஸ்கிரிப்ட் கேட்டார்கள், தீர்ப்பைக் கொடுத்தோம்

ஒருவழியாக வீதி நாடகத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் பறை அடிக்கக் கூடாதாம். அந்தக் கடுப்பு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், அடுத்துப் போடுகிற குழுவுக்கு உதவும்.

மலக்குழி மரணங்களைப் பற்றிய நாடகம். வடசென்னையில் ஒரு தெருமுனை, ஞாயிறு மாலை, அரை மணி நேரம். சென்னை மாநகரக் காவல் சட்டம் 41ஆம் பிரிவுப்படி 5 நாட்களுக்கு முன்பே மனு கொடுக்க வேண்டும். வார்டு அலுவலகத்தில் ஒரு சிக்கலும் இல்லை.

ஸ்டேஷனில்தான் இழுத்தடித்தார்கள். “ஸ்கிரிப்ட் எங்கே? அய்யா படிச்சுப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவாரு” என்றார் ரைட்டர். ஸ்கிரிப்டைக் கேட்க வழிவைத்த 1954ஆம் ஆண்டு நாடக நிகழ்ச்சிச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை 2013இலேயே சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. வழக்குப் போட்டவர் நாடகக்காரர் பரீக்‌ஷா ஞாநி. இதைச் சொன்னால், “எங்களுக்கு அப்படி எதுவும் வரலையே சார்” என்கிறார் ரைட்டர்.

வாயால் சொல்லிப் பயனில்லை. தீர்ப்பை அச்செடுத்து மனுவோடு இணைத்துவிடுங்கள். அடுத்த தடவை அப்படித்தான் போனோம். இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்து முடிந்து வரும்வரை வாசலில் காத்திருப்பு. வந்தவர் தீர்ப்பைப் புரட்டினார், ஸ்கிரிப்ட் பேச்சையே விட்டுவிட்டார்.

“கவர்மென்ட்டைத் திட்டுவீங்களா?”

“சாக்கடையில இறங்கிச் செத்தா 30 லட்சம் இழப்பீடு தரணும்னு 2023ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு சார். அதைத்தான் ஜனங்களுக்குச் சொல்றோம்.”

அதற்கு மேல் கேட்கவில்லை.

இன்னொன்று: “மேசையில வெச்சுட்டுப் போங்க” என்றால் நகராதீர்கள். நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். நண்பர்களுடைய குழு ஒன்று அப்படி வைத்துவிட்டு வந்து, கடைசி நாளில் “நீங்க மனுவே குடுக்கலையே” என்று போலீஸ் சொல்ல, விழித்துக்கொண்டு நின்றது.

ஸ்பீக்கருக்குத் தனி அனுமதி வேண்டும், அது தெரிந்ததுதான். பறைக்கு ஏன் தடை? சட்டம் ஒழுங்காம். சாவுக்கு அடிக்கலாம், திருவிழாவுக்கு அடிக்கலாம், நாடகத்துக்கு அடித்தால் மட்டும் ஒழுங்கு கெட்டுவிடும் போலிருக்கிறது. காரணத்தை எழுத்தில் கேட்டோம், தரவில்லை. சரி என்று, பறைக்கு மட்டும் உதவி ஆணையரிடம் தனி மனு போட்டிருக்கிறோம். நகலில் சீல் வாங்கியாயிற்று. பதில் வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கைதட்டியே தாளம் போடுவோம்.