பெங்களூர் அல்சூர் ஹெரால்டு: எந்த வருஷத்து வண்டி? இதுவரை தெரிந்தது

பெரியப்பாவின் ஓப்பன் டாப் ஹெரால்டு கார் எந்த வருஷத்தது என்ற கேள்விக்கு நம்பக்கூடிய ஒரு விடை கிடைத்துவிட்டது. 1962-ன் பிற்பாதியில் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் தயாரான டிரயம்ப் ஹெரால்டு 1200. ஆனால் ஆர்சி புக் 1965 என்கிறது. பானெட்டில் 'ஸ்டாண்டர்டு' பேட்ஜ். உள்ளே இருக்கும் இன்ஜினோ மெட்ராஸில் தயாரான ஹெரால்டுடையது. இவற்றில் எதை நம்புவது, எதைத் தள்ளுவது என்பதில்தான் நேரம் முழுக்கப் போனது.

ஹெரால்டு 1959-ல் வந்தது. வடிவமைத்தவர் இத்தாலியின் மிக்கெலோட்டி. தனி சேஸிஸ் (அடிச்சட்டம்), அதன்மேல் பாடி பாகங்களைப் போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். 1960-ல் 948 சிசி இன்ஜினோடு ஓப்பன் டாப், 1961-ல் 1147 சிசியில் '1200', 1967-ல் முகம் மாறி 1296 சிசியில் '13/60'. 1971-ல் உற்பத்தி முடிந்தது. மெட்ராஸில் ஸ்டாண்டர்டு கம்பெனி 1961-லிருந்து ஹெரால்டு செய்தது. இங்கே கடைசிவரை 948 சிசிதான்.

உறவுக்காரர்கள் எல்லோரும், "அது சலூன்ப்பா, கூரையை எடுத்துட்டாங்க" என்றே சொல்லி வந்தார்கள். சலூன் என்றால் கூரை மூடிய மாடல். நியாயமான சந்தேகம். ஹெரால்டில் கூரையும் போல்ட்டில்தான் நிற்கிறது, எந்த ஷெட்டிலும் கழற்றலாம். அதனால் கூரை இல்லை என்பது எதையும் நிரூபிக்காது. பானெட்டும் அப்படியே முழுசாகக் கழன்று வரும், வேறு வண்டியுடையதை மாட்டலாம். ஆக முகத்தையும் பேட்ஜையும் வைத்து முடிவு கட்ட முடியாது.

சிவாஜிநகரில் எனக்கு உதவும் மெக்கானிக் அண்ணன் முதல் நாளே சொன்னார்: "தம்பி, இன்ஜினைப் பாத்து வருஷம் சொல்லாத. பாடியோட பின்பக்கத்தைப் பாரு." பார்த்தோம். பின்சீட் சலூனைவிடக் குறுகலாக இருந்தது. இரண்டு பக்கமும் துணி டாப்பின் கம்பிச் சட்டம் மடங்கி உட்கார இடம் விட்டிருந்தார்கள். சட்டம் திரும்பும் இடத்தில் பழைய கம்பெனி வெல்டிங். டிங்கரிங் செய்த தடமே இல்லை. அங்கேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

மீதிப் பாதியைத் தந்தது பானெட்டுக்குள் இருந்த, வண்டி எண் பொறித்த சின்ன பிளேட். அதன்மேல் அடுக்கடுக்காகப் பெயின்ட். உப்புத்தாள் போட்டால் எழுத்தும் போய்விடும் என்பதால் பெயின்ட் ரிமூவரைப் பஞ்சில் தொட்டு மெதுவாகக் கரைத்தேன். எண்ணுக்கு முன்னால் 'ஜிஏ', பின்னால் 'சிவி'. முன்னது 1200, பின்னது கன்வெர்ட்டிபிள். ஆர்சி புக்கிலும் இதே எண்தான், ஆனால் வெறும் இலக்கங்களாக. இரண்டு பக்கத்து எழுத்துகளையும் விட்டுவிட்டார்கள். இத்தனை வருஷக் குழப்பத்துக்கு அதுவே போதும்.

இன்ஜின் விஷயம் தனி. 948, 1147, 1296 மூன்றிலும் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் நகரும் தூரம், 76 மில்லிமீட்டர்தான். மாறுவது போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம் மட்டும், 63, 69.3, 73.7 என்று. வெளியிலிருந்து பார்த்தால் பிடிபடாது. கேஸ்கெட் மாற்ற ஹெட்டைக் கழற்றியபோது வெர்னியர் வைத்து அளந்தோம். 63-க்குச் சற்று மேலே, தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்த கணக்கு. ஆக இது 948 இன்ஜின். அந்தக் காலத்தில் 1200-க்கு பாகம் கிடைக்காமல் யாரோ உள்ளூர் இன்ஜினை மாட்டி வண்டியை ஓட வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அவர்மேல் எனக்கு மரியாதைதான். இல்லையென்றால் வண்டி எப்போதோ ஜேசி ரோட்டில் துண்டு துண்டாக விலை போயிருக்கும்.

வருஷத்தை நெருக்கிப் பிடிக்க லூகாஸ் கம்பெனியின் மின் பாகங்கள் உதவின. பலவற்றில் மாதமும் வருஷமும் குத்தியிருக்கும். டைனமோ லூகாஸ் டிவிஎஸ், அதாவது இங்கே மாற்றியது, அதை ஒதுக்கிவிட்டேன். வைப்பர் மோட்டாரில் '8 62'. கதவுக் கண்ணாடியில் டிரிப்ளெக்ஸ் என்ற கண்ணாடிக் கம்பெனியின் முத்திரைக்குக் கீழே, 'டஃபன்ட்' என்ற ஆங்கிலச் சொல்லின் இரண்டாம் எழுத்தடியில் ஒரு புள்ளி: வருஷத்தின் கடைசி இலக்கம் 2. அது 62-ஆ 72-ஆ என்பதைக் கண்ணாடி சொல்லாது, மோட்டார் சொல்லிவிட்டது. 1965 என்பது இந்தியாவில் பதிவான வருஷமாகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்து பெயின்ட். டேஷ்போர்டுக்கு அடியில் வெளிர்நீலம் தெரிகிறது. இங்கிலாந்தின் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் பழைய பதிவேட்டைப் பார்த்துத் தயாரிப்புத் தேதி, முதல் நிறம் எல்லாம் குறித்துச் சான்றிதழ் தருகிறது. விண்ணப்பம் போட்டிருக்கிறேன். அது வரும்வரை டிங்கர் கடையில் கலர் சொல்வதாக இல்லை.