மூடி போட்ட டப்பா

எங்கள் ஆய்வகத்துக்கு ரத்தம் கொடுக்க வருகிறவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே உள்ளே நுழைவார். விந்துப் பரிசோதனைக்கு வருகிறவரோ மருத்துவர் எழுதிய சீட்டை நான்காக மடித்து மேசையில் வைத்துவிட்டுச் சுவர்க் காலண்டரைப் பார்ப்பார். திண்டுக்கல்லில் 18 ஆண்டுகளாக நுண்ணோக்கியின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். அந்த மடிப்பைப் பார்த்தாலே போதும், சீட்டைப் பிரித்துப் படிக்க வேண்டியதில்லை.

இவர்களிடம் தாழ்ந்த குரலில் பேசலாம். ஆனால் எதையும் விட்டுவிடாமல் சொல்ல வேண்டும். விந்து வெளியேறி 2 நாளாவது ஆகியிருக்க வேண்டும், 7 நாளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. வீட்டிலிருந்து கொண்டுவருவதானால் ஒரு மணி நேரத்துக்குள், உடம்போடு ஒட்டிய பையில் வைத்துக் கொண்டுவர வேண்டும். முதலில் வரும் பகுதி டப்பாவில் விழாமல் தவறிவிட்டால் மறைக்கக் கூடாது. விந்தணுக்கள் அதிகம் இருப்பது அதில்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கூச்சத்தால் இதில் பாதியை விழுங்கிவிட்டேன். வந்தவர் பால் வியாபாரி. கெட்டுப்போய்விடக் கூடாதே என்று ஐஸ் நிரப்பிய பிளாஸ்கில் டப்பாவைப் புதைத்துக் கொண்டுவந்துவிட்டார். நுண்ணோக்கியில் அநேகமாக எதுவும் அசையவில்லை. தவறு என்னுடையது. அடுத்த வாரம் மறுபடி வரச்சொன்னேன், பணம் வாங்கவில்லை.

குளிர் ஆகாது என்றால் சூடு மட்டும் ஆகுமா? உடம்பின் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருந்தால்தான் விந்தணு நன்றாக உருவாகும். விதைகள் உடம்புக்கு வெளியே ஒரு பையில் தொங்குவது அதனால்தான். இடப்பக்க விதை சற்றுக் கீழே இறங்கியிருப்பது பெரும்பாலான ஆண்களுக்கு இயல்பு. அதையே பெரிய நோயாக நினைத்துத் தூக்கம் கெட்டு வந்தவர்களும் உண்டு.

விந்தணு ஒன்று உருவாகி முடிய ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும். எனவே தை மாதம் டப்பாவில் வருவது ஐப்பசி மாதத்து உடம்பின் கணக்கு. டெங்குவில் படுத்து எழுந்து ஒன்றரை மாதத்தில் வந்த ஆசிரியர் ஒருவருக்கு மில்லிலிட்டருக்கு 40 லட்சம்தான் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டில் கீழ் எல்லை 1 கோடியே 60 லட்சம். அதுவும் தேர்ச்சி மதிப்பெண் போன்றதல்ல. ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற ஆண்களை வரிசையில் நிறுத்தினால், கீழிருந்து ஐந்தாவது சதவீதத்தில் நிற்பவரின் எண்ணிக்கை அது. ஆசிரியரோ மதிப்பெண்ணாகத்தான் படித்தார், முகம் தொங்கிவிட்டது. மூன்று மாதம் பொறுத்து வரச் சொன்னார் மருத்துவர். அப்போது 3 கோடியைத் தாண்டியிருந்தது.

இன்னொருவர் உடற்பயிற்சிக் கூடத்தில் வளர்ந்தவர், தோள் கதவை இடிக்கும். கவுண்ட் பூஜ்யம். தசை ஏறுவதற்காக ஓராண்டாக டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டிருக்கிறார். வெளியிலிருந்து அந்த ஹார்மோன் வந்துகொண்டே இருந்தால், மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி விதைகளுக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திக்கொள்கிறது. விதைகளும் வேலையை நிறுத்திவிடுகின்றன. ஆண்மை கூடும் என்று ஊசி விற்றவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

ஆண்மை என்ற அந்தச் சொல்லோடுதான் எனக்குத் தீராத வழக்கு. உறவின்போது விறைப்பு வராவிட்டாலும் ஆண்மைக்குறைவு என்கிறோம், விந்தணு குறைந்தாலும் ஆண்மைக்குறைவு என்கிறோம். இரண்டும் வேறு வேறு பாதை. மலடி என்ற சொல் ஊர் வாயில் எப்போதும் தயாராக இருக்கிறது. மலடன் என்றும் ஒரு சொல் உண்டு. யார் வாயிலிருந்தாவது அதைக் கேட்டிருக்கிறீர்களா?

ஒரு தம்பதியை மறக்க முடியவில்லை. மணமாகி ஆறு ஆண்டுகள். மனைவியின் கோப்பு செங்கல் கனம்: ஸ்கேன்கள், கருக்குழாய் எக்ஸ்ரே, வயிற்றில் சிறு துளையிட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி. கணவருக்கு அதுவே முதல் பரிசோதனை. விந்தின் அளவு ஒரு மில்லிக்கும் குறைவு, தண்ணீர் போல இருந்தது, அமிலத்தன்மை வேறு. விந்தணு இல்லை. குழாயை இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றி, அடியில் படிந்ததைப் பார்த்தும் இல்லை.

அடுத்தது விந்தில் சர்க்கரை இருக்கிறதா என்ற சோதனை. விந்தில் விதைகளிலிருந்து வரும் பங்கு மிகச் சிறியது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு விந்துப்பைகளிலிருந்தும், மீதியில் பெரும்பகுதி புராஸ்டேட் சுரப்பியிலிருந்தும் வருகிறது. கருத்தடை செய்துகொண்ட ஆணுக்கு அளவில் வித்தியாசம் தெரியாததும் இதனால்தான். விந்துப்பை நீரில் ஃபிரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை உண்டு; வேதிப்பொருள் கலந்து சூடாக்கினால் குழாய் செம்மஞ்சளாக மாறும். அவருடைய குழாய் மாறவேயில்லை. அப்படியானால் விந்துப்பை நீரே வந்து சேரவில்லை என்று பொருள்.

சிறுநீர்ப்பாதை மருத்துவர் (யூராலஜிஸ்ட்) கையால் தொட்டுப் பார்த்தே சொல்லிவிட்டார்: விதையிலிருந்து விந்தணுவைக் கொண்டுவரும் நாளம் இரண்டு பக்கமும் பிறவியிலேயே இல்லை. விதைகள் நன்றாகவே இருக்கின்றன, வெளியே வர வழிதான் இல்லை. இத்தகையவர்களுக்கு ஊசியால் விந்தணுவை எடுத்து நேரே கருமுட்டைக்குள் செலுத்தலாம். அப்படிச் செலுத்திக் கருவாக்கும் முறையில் முதல் குழந்தை பிறந்தது 1992இல்.

அறிக்கையின் நகல் வாங்க இருவரும் வந்தார்கள். அவர் என்னிடம் தனியாக, "சார், நான் ஆம்பளைதானே?" என்றார். "அதில் என்ன சந்தேகம், உங்களுக்கு ஒரு குழாய் இல்லை, அவ்வளவுதான்" என்றேன். கொஞ்சம் சிரித்தார்.

மனைவி ரசீதைப் பார்த்துக்கொண்டிருந்தார். 400 ரூபாய்.

"இவ்வளவுதானா அண்ணா இதற்கு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ரசீதைக் கோப்பின் கடைசித் தாளுக்குப் பின்னால் செருகிவிட்டு, அந்தச் செங்கலைக் கணவரின் கையில் கொடுத்துத் தூக்கிவரச் சொன்னார்.